ஐசன்ஹைம் பலிபீட ஓவியம்

ஐசன்ஹைம் பலிபீட ஓவியம் என்பது, ரைன் நதிக்கு மேற்கே அல்சாஸ் பிரதேசத்திலுள்ள ஐசன்ஹைம் என்னும் சிற்றூரில், நோயாளரைப் பேணிவந்த அந்தோணியார் சபை மடத்துக் கோயிலுக்காக, ஏறத்தாழ 1512க்கும் 1516க்கும் இடையில் மத்தியாஸ் குரூனேவால்ட் என்னும் ஜெர்மானிய ஓவியர் தீட்டிய, அடுக்கடுக்கான கதவுகளையுடைய பீட ஓவியத் தொகுதியாகும். அக்காலத்தில் புனித ரோமானியப் பேரரசின் பகுதியாக இருந்த அல்சாஸ் இன்று பிரான்சைச் சேர்ந்தது. ஓவியமும் கொல்மார் நகரத்து உன்டர்லிண்டன் அரும்பொருட்சாலையில் வைக்கப்பட்டுள்ளது. கிறிஸ்துவின் பாடுகளை இத்தனை கொடூரமாகவும், அவருடைய உயிர்த்தெழுதலை இத்தனை ஒளிமயமாகவும் காட்டும் வேறோர் ஓவியத்தை ஐரோப்பியக் கலையில் காண்பது அரிது. இவ்விரு காட்சிகளும் ஒரே பலகையின் முன்னும் பின்னுமாக அமைந்திருப்பதே இதன் தனிச்சிறப்பு. துன்பத்தினூடே பிறக்கும் நம்பிக்கையைப் பற்றிக் கிறிஸ்தவ சமயம் கூறுவதன் சாரமும் அவ்வமைப்பிலேயே அடங்கியிருக்கிறது.

மடமும் நோயும்

எகிப்து தேசத்துப் பாலைவனத்தில் நெடுங்காலம் தவமியற்றி 356ஆம் ஆண்டில் உயிர்நீத்த அந்தோணியார், தமிழ்க் கத்தோலிக்கர் வனத்து அந்தோணியார் என்று போற்றி ஜனவரி 17ஆம் நாளில் திருவிழா எடுக்கும் அதே அர்ச்சியசிஷ்டராவார். அவருடைய அருளிக்கங்கள், அதாவது உடலின் எச்சங்கள், பிரான்சின் தோஃபினே பகுதிக்கு வந்து சேர்ந்தன என்னும் நம்பிக்கையால் அங்கே யாத்திரிகர் பெருகவே, பிணியுற்று வந்தவர்களைப் பேணும் பொருட்டு 1095ஆம் ஆண்டளவில் ஒரு தொண்டர் குழு தோன்றி, நாளடைவில் துறவற சபையாக வளர்ந்து, ஐரோப்பாவின் பல நாடுகளிலும் மருத்துவ மடங்களை நிறுவியது. ஐசன்ஹைம் மடம் அவற்றுள் ஒன்று.

இச்சபையார் சிறப்பாகப் பேணியது, 'அந்தோணியார் நெருப்பு' என்று மக்கள் பெயரிட்டு அஞ்சிய நோயால் வருந்தியவர்களையே. ரை என்னும் தானியத்தின் கதிர்களைப் பற்றும், நம் நாட்டுக் கம்புப் பயிரில் தேனொழுகல் நோயை விளைவிக்கும் காளானுக்கு இனமான ஒருவகைக் காளான் மாவோடு கலந்து ரொட்டியில் சேரும்போது, அதை உண்டவருடைய இரத்தக் குழாய்கள் சுருங்கி, கைகால்கள் தீப்பட்டாற்போல் எரிந்து, பின்னர்க் கறுத்து அழுகி, சிலருக்குத் தாமே கழன்று விழுவதுமுண்டு. வேறு சிலருக்கு வலிப்பும் சித்தப் பிரமையும் உண்டாகும். ஏழைகளின் அன்றாட உணவாகிய ரை ரொட்டியே இதற்குக் காரணம் என்பதை அக்காலத்தார் அறியார். ஆகவே, உண்ண நல்ல உணவும் இன்றி, ஏன் இவ்வேதனை வந்தது என்பதற்கு விடையும் இன்றி, உறவினரால் சுமந்துவரப்பட்ட எளியவர்களே பெரும்பாலும் மடத்தின் வாயிலை அடைந்தனர்.

மடத்தார் அவர்களுக்கு நல்ல ரொட்டியையும், அந்தோணியாரின் அருளிக்கங்களின்மேல் வார்த்து எடுத்த திராட்சரசத்தையும், மருத்துவப் பூண்டுகளால் ஆன களிம்பையும் அளித்தனர்; அழுகிய உறுப்புகளை அறுத்து நீக்கும் சத்திர வைத்தியர்களும் அவர்களிடம் இருந்தனர். நல்ல உணவினால் நச்சு உடலில் மேலும் சேராமல் நின்றமையால் குணம் அடைந்தோர் உண்டு. உறுப்பிழந்து எஞ்சிய காலம் முழுவதும் மடத்திலேயே தங்கியோரும், அங்கேயே மாண்டோரும் உண்டு. சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நோயாளர் பீடத்தின் முன் கொண்டுவரப்பட்டனர் என்று கலை வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். ஐசன்ஹைம் ஓவியத்தைப் பொருளுணர்ந்து காண விரும்புவோர், அரசரும் பிரபுக்களும் நின்ற இடத்திலிருந்து அல்ல, இந்த நோயாளர் கிடந்த இடத்திலிருந்தே அதைக் காணவேண்டும்.

ஓவியரும் அமைப்பும்

குரூனேவால்ட் என்னும் பெயர், ஓவியர் மறைந்து நெடுநாளான பின், 1675இல் வெளிவந்த நூலொன்றில் யோவாகிம் ஃபொன் சாண்ட்ரார்ட் என்பவர் வழங்கிய பெயராகும். ஓவியரின் இயற்பெயர் மத்தீஸ் என்பதும், அவர் மைன்ஸ் நகரத்து அதிமேற்றிராணியாரிடம் பணிபுரிந்தார் என்பதும், 1528இல் ஹாலே நகரில் இறந்தார் என்பதும் ஆவணங்களால் தெரியவருகின்றன. பீடத்தின் நடுவிலுள்ள மரச் சிற்பங்கள், இவ்வோவியங்களுக்கு முன்னரே, 1490ஆம் ஆண்டளவில், ஹாகனவ் ஊரைச் சேர்ந்த நிக்கோலஸ் என்னும் சிற்பியால் செதுக்கப்பட்டவை. அச்சிற்பங்களைக் காக்கும் கதவுகளுக்கு ஓவியம் தீட்டும் பொறுப்பை மடத்தின் தலைவராக இருந்த குயிதோ குவெர்சி குரூனேவால்டிடம் ஒப்படைத்தார்.

தொகுதி மூன்று நிலைகளை உடையது. எல்லாக் கதவுகளும் மூடியிருக்கையில் சிலுவைக் காட்சி தோன்றும். வெளிக் கதவுகளைத் திறந்தால் அவதாரமும் உயிர்த்தெழுதலும் தோன்றும். உட்கதவுகளையும் திறந்தால் சிற்பங்களும், அவற்றின் இருமருங்கிலும் அந்தோணியாரின் வாழ்க்கைக் காட்சிகளும் தோன்றும். ஆண்டின் பெரும்பகுதியில் பீடம் மூடியே இருந்து, திருநாட்களிலே திறக்கப்பட்டது. நோயாளர் நாள்தோறும் கண்டது சிலுவையையே.

மூடிய நிலை: சிலுவை

சுமார் 269 சென்டிமீட்டர் உயரமும் 307 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட சிலுவைக் காட்சியில், இருண்ட வானத்தின் முன், தன் பாரத்தினாலேயே வளைந்த குறுக்கு மரத்தில் கிறிஸ்துவின் மாபெரும் சரீரம் தொங்குகிறது. பச்சை பூத்த தோலெங்கும் முட்கள் தைத்திருக்கின்றன, எங்கும் புண்கள், உதடுகள் நீலம் பாரித்துள்ளன, ஆணி தைத்த கைகளின் விரல்கள் வானத்தை நோக்கி விறைத்து விரிந்திருக்கின்றன. இடப்புறத்தில் வெண்ணிற ஆடையில் மயங்கிச் சாயும் தாய் மரியாளைச் சீடர் யோவான் தாங்க, மகதலேனா மரியாள் முழங்காலிட்டுக் கைகளை முறுக்கிக் கதறுகிறாள். வலப்புறத்தில், சிலுவைச் சம்பவத்துக்கு முன்னரே கொலையுண்டவனாகிய யோவான் ஸ்நானகன், சாட்சியாக நின்று, நீண்ட சுட்டுவிரலால் சிலுவையில் தொங்குபவரைக் காட்டுகிறான். அவன் காலடியில் ஓர் ஆட்டுக்குட்டியின் மார்பிலிருந்து வழியும் இரத்தம் கிண்ணத்தில் விழுகிறது. இருபக்கத்து நிலைப் பலகைகளில் கொள்ளைநோயினின்று காப்பவராகக் கருதப்பட்ட செபஸ்தியாரும், மடத்தின் பாதுகாவலராகிய அந்தோணியாரும் நிற்கின்றனர்.

அக்காலத்து ஓவியர் பலர் இறந்த கிறிஸ்துவையும் எழில் குன்றாத மேனியராகவே தீட்டினர். குரூனேவால்ட் தீட்டியதோ நோயாளனின் மேனி. எரிச்சலால் துடித்து, தன் கைகால்கள் தன் கண்முன்னே கறுப்பதைக் கண்டு, இறைவன் தன்னைக் கைவிட்டான் என்றே எண்ணிக் கிடந்த ஒருவன், தலையை உயர்த்திப் பார்க்கையில், தன் தோலில் உள்ள புண்களையே இறைமகனின் தோலிலும் கண்டான். கதவுகள் திறக்கும் இடைவெளி கிறிஸ்துவின் சரீரத்துக்குச் சற்று விலகி அமைந்துள்ளமையால், கதவு திறக்கப்படும் கணத்தில் அவருடைய வலக்கரம் உடலினின்று பிரிவதுபோல் தோன்றும். உறுப்பிழந்தோருக்கு இது பேசாமற்பேசிய ஆறுதல் என்று அறிஞர் சிலர் விளக்கியுள்ளனர். ஆறுதலின் முதற்படி துன்பத்தை மறைப்பதன்று, அதனை முழுவதும் ஒப்புக்கொள்வதே என்பதை இவ்வோவியர் நன்கு உணர்ந்திருந்தார்.

திறந்த நிலை: உயிர்த்தெழுதல்

வெளிக் கதவுகள் திறந்ததும் இருள் அகன்று வர்ணங்கள் பொங்குகின்றன. இடக்கோடியில் தேவதூதன் மரியாளுக்கு மங்கள வார்த்தை கூறுகிறான். நடுவில் தேவதூதர் இசைக்கருவிகளை மீட்ட, தாய் தன் குழந்தையை ஏந்தியிருக்கிறாள். அக்குழந்தையைச் சுற்றியிருக்கும் துணி கிழிந்த கந்தல். அருகே தொட்டிலும் குளிப்பாட்டும் தொட்டியும் மலசலப் பானையும் உள்ளன. நோயாளியின் அறையில் உள்ள பொருள்களின் நடுவிலேதான் கடவுள் பிறந்தார் என்பதை இவை எளிமையாகத் தெரிவிக்கின்றன.

வலக்கோடியில் இருப்பது உயிர்த்தெழுதல். விண்மீன்கள் தோன்றும் நள்ளிரவில், காவல் வீரர் நிலைகுலைந்து தலைகீழாய் விழ, திறந்த கல்லறையினின்று கிறிஸ்து மேலெழுகிறார். அவரைச் சூழ்ந்த பேரொளி வட்டம் நடுவில் மஞ்சளாகவும், பின்னர்ச் செம்மையாகவும், விளிம்பில் நீலமாகவும் விரிகிறது; முகம் ஒளியிலே கரைந்துவிடும் நிலையில் இருக்கிறது; பிரேதத்தைச் சுற்றிய வெண்துணி, அவர் எழ எழ நீலமும் ஊதாவும் செந்நிறமும் பொன்னிறமுமாக மாறுகிறது. மேனியில் ஒரு புண்ணும் இல்லை. எனினும் உயர்த்திய இரு கைகளிலும், பாதங்களிலும், விலாவிலும் உள்ள ஐந்து காயங்களும் அழியவில்லை. அவை மாணிக்கங்களாய்ச் சுடர்விடுகின்றன.

இப்பலகை, சிலுவையில் தொங்கும் சரீரம் தீட்டப்பெற்ற அதே கதவின் மறுபக்கமாகும். சிலுவைக் காட்சியைக் கடந்தன்றி உயிர்த்தெழுதலைக் காண இயலாத வண்ணம் கதவுகள் அமைந்துள்ளன. சிலுவையை நோக்கியிருந்த நோயாளன், அதன் பின்னே என்ன இருக்கிறது என்பதைத் திருநாளில் கண்டிருந்தமையால், மூடியிருந்த நாட்களிலும் அதை மனத்தில் வைத்துக் காத்திருக்க முடிந்தது.

உள்நிலை: அந்தோணியாரின் சோதனை

உட்கதவுகள் திறந்தால், பீடத்தின் நடுவே சிம்மாசனத்தில் அந்தோணியாரும், இருபுறமும் அகுஸ்தீனாரும் ஜெரோமும் மரச் சிற்பங்களாக விளங்குகின்றனர். இடப் பலகையில், அந்தோணியார் பவுல் என்னும் வனவாசியைச் சந்திக்க, அவர்கள் காலடியில் மருத்துவப் பூண்டுகள் பல தளிர்த்திருக்கின்றன. வலப் பலகையிலோ, கோரமான பேய்கள் அந்தோணியாரின் தலைமயிரைப் பற்றி இழுத்து அடிக்கின்றன; கீழே ஒரு மூலையில், வயிறு வீங்கி உடலெங்கும் கொப்புளம் கண்ட ஓர் உருவம் சாய்ந்து கிடக்கிறது. மற்றொரு மூலையில் வரையப்பட்ட காகிதத் துண்டொன்றில், ஆண்டவர் ஏன் அருகில் நின்று தம் காயங்களை ஆற்றவில்லை என்று அந்தோணியார் முறையிட்ட செய்தி எழுதப்பட்டுள்ளது. அலெக்சாந்திரியாவின் மேற்றிராணியாராகிய அத்தனாசியார் நான்காம் நூற்றாண்டில் எழுதிய அந்தோணியார் சரித்திரத்தில், ஆண்டவர் தாம் அங்கேயே இருந்து அவருடைய போராட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாக மறுமொழி கூறினார் என்று காணப்படுகிறது. ஓவியத்தின் உச்சியிலும் பிதாவாகிய கடவுள் ஒளியின் நடுவே வீற்றிருக்கிறார். நிராசையால் எழும் முறையீட்டைப் பாவமென்று தள்ளாமல், ஓர் அர்ச்சியசிஷ்டரின் வாக்காகவே ஏற்று, பீடத்தின் மிகவும் உட்புறத்தில் பதித்துவைத்த இம்மடத்தாரின் கருணை வியந்து போற்றத்தக்கது.

ஓவியம் உணர்த்தும் நம்பிக்கை

உடலை விட்டு ஆன்மா விடுதலை பெறுவதே இறுதிப் பேறு எனக் கொள்ளும் தத்துவங்கள் பல உண்டு. கிறிஸ்தவ விசுவாசமோ சரீர உத்தானத்தை அறிக்கையிடுகிறது. கிறிஸ்து முதற்கனியாக எழுந்தார் என்றும், அழிவுள்ளதாய் விதைக்கப்படும் சரீரம் அழிவற்றதாய் எழும் என்றும் பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபையாருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் விரிவாக உபதேசிக்கிறார். உடல் அழுகுவதைக் கண்ணாரக் கண்ட ஐசன்ஹைம் நோயாளருக்கு இவ்வுபதேசம் உயிரினும் அருமையானதாக இருந்திருக்கவேண்டும். உலகம் அருவருத்து ஒதுக்கிய அவர்களுடைய மேனியையே கடவுள் மதித்தார், அதையே மீட்டெடுப்பார் என்பது அதன் பொருள்.

உயிர்த்தெழுந்தவர் தம் காயங்களைத் தோமாவுக்குக் காட்டினார் என்று யோவான் சுவிசேஷம் கூறுகிறது. துன்பம் நிகழவே இல்லை என்பதுபோல் அதைத் துடைத்தெறிவது உயிர்த்தெழுதல் ஆகாது. பட்ட துன்பம் நினைவில் நின்று, ஆயினும் வலியற்றதாய், மகிமை பெற்றதாய் மாறுவதே உயிர்த்தெழுதல். மேலும், இந்நம்பிக்கை மருந்துக்கும் உணவுக்கும் பதிலாக வழங்கப்படவில்லை. மறுமையை நம்பிய அதே துறவிகள்தாம் இம்மையில் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்து, சீழ் கழுவி, களிம்பு தடவினர். மரணம் முடிவன்று என்று நம்பியவர்கள், அந்நம்பிக்கையினாலேயே, மரணத்தின் வாயிலில் கிடந்தவர்களை அஞ்சாமல் அணுகினர்.

பிற்கால வரலாறு

பிரெஞ்சுப் புரட்சியின்போது மடம் பறிமுதலாக, ஓவியம் அழிவுக்குத் தப்பிக் கொல்மாருக்குக் கொண்டுசெல்லப்பட்டது; 1853இல் பழைய தொமினிக்கக் கன்னியர் மடத்தில் தொடங்கப்பெற்ற உன்டர்லிண்டன் அரும்பொருட்சாலையில் பின்னர் இடம்பெற்றது. முதல் உலகப்போரில், 1917இல், பாதுகாப்பை முன்னிட்டு மியூனிக் நகருக்கு எடுத்துச்செல்லப்பட்டு, போர் முடிவுற்ற வேளையில் அங்கே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது, தோல்வியாலும் பசியாலும் புத்திர சோகத்தாலும் நலிந்த மக்கள் அதைக் காணத் திரண்டனர். 1919இல் அது கொல்மாருக்குத் திரும்பியது. இரண்டாம் உலகப்போரிலும் இடம்பெயர்ந்து மீண்டது. இறையியலறிஞர் கார்ல் பார்த் சிலுவைக் காட்சியின் பிரதி ஒன்றைத் தம் எழுதுமேசைக்கு மேலே மாட்டிவைத்து, ஸ்நானகனின் சுட்டுவிரலையே தம் பணிக்கு இலக்கணமாகக் கொண்டார். இசையமைப்பாளர் பவுல் ஹிண்டமித் இவ்வோவியரை நாயகனாக்கி இயற்றிய இசைநாடகம் 1938இல் சூரிச் நகரில் அரங்கேறியது. 2018 முதல் 2022 வரை நடைபெற்ற புதுப்பிப்புப் பணியால், காலத்தால் மங்கியிருந்த வர்ணங்கள் மீண்டும் பொலிவு பெற்றன.

மதிப்பீடு

நோயுற்ற எளியவர்களுக்காக, அவர்களுடைய நோயையே பொருளாகக் கொண்டு, மிக உயர்ந்த கலைத்திறனைச் செலவிட்டுச் செய்யப்பட்ட படைப்புகள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் ஐசன்ஹைம் பலிபீட ஓவியம் தலைசிறந்தது. சிலுவையை மறைத்து உயிர்த்தெழுதலை மட்டும் உரைப்பது துன்புறுவோருக்குப் பொய்யான ஆறுதலாகும். உயிர்த்தெழுதலை மறந்து சிலுவையை மட்டும் காட்டுவது அவர்களை நிராசையிலேயே விட்டுவிடுவதாகும். இவ்விரண்டையும் பிரிக்காமல் ஒரே பலகையில் சேர்த்துக் காட்டியதனால், இவ்வோவியம் கிறிஸ்தவ நம்பிக்கையின் மிக நேர்மையான சாட்சியங்களுள் ஒன்றாக நிலைபெற்றுள்ளது.