கள்ளியும் பெயர் மயக்கமும்

திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளிக்கு அப்பால் உள்ள பழம்பதி திரியாய். அங்குள்ள குன்றிலே, வணிகக் குழுவினர் பௌத்த சேதியம் அமைத்த செய்தியைக் கூறும் வடமொழிக் கல்வெட்டு ஒன்று உண்டு. கடல்வழியே மக்களும் பொருள்களும் வந்து சேர்ந்த கரை இது. செடிகளும் செடிகளின் பெயர்களும் அவ்வாறே கடல் கடந்தன. அப்பயணத்தில் பெரிதும் பெயர் மயக்கத்துக்கு உள்ளானது, இத்தகைய வறண்ட நிலங்களில் வளரும் கள்ளி.

சங்கப் புலவர் கள்ளியைப் பாலையிலும் இடுகாட்டிலும் கண்டனர். மழையற்ற மாதங்களிலும் அது வாடுவதில்லை. தண்டே இலையின் தொழிலைச் செய்து, நீரையும் சேமித்து வைக்கிறது.

17ஆம் நூற்றாண்டிலே கொச்சியில் ஒல்லாந்தரின் ஆளுநராய் இருந்த வான் ரீடு, மலையாள நாட்டு மூலிகைகளைப் பெருநூலாகத் தொகுப்பித்தார். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருக்கள்ளி ஆகியன அதில் இடம்பெற்றன. 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயசு, திருக்கள்ளி என்னும் பெயரையே அறிவியற் பெயராக்கினார். சதுரக்கள்ளிக்கோ, 'முன்னோர்க்குரிய கள்ளி' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். பண்டைய கிரேக்கரும் உரோமரும் மருந்தாகக் கொண்ட பிசின் இதனுடையதே என அவர் கருதியதே காரணம். உண்மையில் அது மொரோக்கோ நாட்டுக் கள்ளியின் பால். பிழை தெளிந்தது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அடுத்த பிழை பொருட்செலவை விளைத்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த நாகதாளியை நம்மவர் சப்பாத்திக்கள்ளி என்றனர். ஆயினும் அது கள்ளிக் குலத்தைச் சேர்ந்ததன்று. அதன்மேல் வளர்த்துச் செஞ்சாயம் எடுக்கலாம் என்று, 1795இல் பிரேசிலிலிருந்து ஒருவகைப் பூச்சியை இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். வந்தது உயர்ந்த சாயப் பூச்சியன்று; அதன் இனத்தைச் சேர்ந்த வேறொன்று. சாயம் தேறவில்லை, நாகதாளியே அழிந்தது. அந்த அழிவையே பயனாக்கக் கருதி, 1865ஆம் ஆண்டளவில் அப்பூச்சியை இலங்கைக்கும் கொண்டுவந்தனர். களையை ஒழிக்க ஒரு நாட்டின் பூச்சியை மற்றொரு நாட்டுக்குக் கொண்டுசென்ற முயற்சிகளுள் இது மிக முந்தியது.

இன்று பூஞ்சாடிகளில் செந்நிறப் பூவுடன் விளங்கும் முட்கிரீடச் செடியும் கள்ளிக் குலமே. அதன் தாயகம் மடகாசுக்கர். 1821ஆம் ஆண்டளவில் மிலியசு என்னும் பிரெஞ்சு ஆளுநர் அதனை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அறிவியற் பெயரில் அவர் பெயரும் நிலைத்தது.

இவற்றை வளர்ப்பது எளிது. வெட்டிய கிளையைச் சில நாள் நிழலில் வைத்து, வெட்டுவாய் உலர்ந்தபின் நடுதல் வேண்டும். சாடியின் அடியில் நீர் வடியத் துளையும், மணல் மிகுந்த மண்ணும், நல்ல வெயிலும் போதும். மண் நன்கு காய்ந்த பின்னரே நீர் ஊற்றுக. வடகீழ்ப் பருவமழை தொடர்ந்து பெய்யும் நாள்களில் சாடியைத் தாழ்வாரத்தில் வைத்தல் நன்று. நீர்ப் பஞ்சத்தைத் தாங்கும் கள்ளி, வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும்.

நாகதாளியையும் கள்ளியையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. நாகதாளியை வெட்டினால் பால் வடியாது. கள்ளியை வெட்டினால் வெண்பால் பெருகும். அப்பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. பட்டவுடன் தூய நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரை நாடுதல் வேண்டும். லின்னேயசின் பிழை ஏட்டோடு நின்றது. சாய வணிகரின் பிழை பொருளோடு போயிற்று. கள்ளியை நாகதாளி என எண்ணிக் கிளை ஒடிக்கும் சிறுவனின் பிழையோ கண்ணைக் கொள்ளும். ஆதலின், கள்ளியை வீட்டில் வைப்போர் முதலில் அதன் பெயரையும் இயல்பையும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது கடமையாகும்.