சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளும் கற்பித்தற் கருவிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகக் கல்வி பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை சட்டங்களின் வரலாறாகவும் பாடசாலைத் தொகைகளின் வரலாறாகவுமே அமைந்துள்ளன. எந்த ஆண்டில் எந்தச் சட்டம் இயற்றப்பட்டது, அதனைத் தோட்ட நிருவாகம் எவ்வாறு தட்டிக்கழித்தது என்பன அவற்றில் விரிவாகப் பேசப்படுகின்றன. பாடசாலையின் உள்ளே, ஆசிரியர் எதனைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை வகுப்புகளை எவ்வாறு கற்பித்தார் என்னும் வினா அருமையாகவே எழுப்பப்படுகின்றது. இடைவினைக் கற்பித்தல், திறன் வகுப்பறை, மின்கற்றல் ஆகிய சொற்கள் கல்வி அதிகாரிகளின் உரைகளில் நாள்தோறும் ஒலிக்கும் இன்றைய நிலையில் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பாடசாலைகளை முன்னிறுத்தி அதற்கு விடை தேடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சப்ரகமுவவைத் தனியே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மலையகம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது நுவரெலியாவின் தொடர்ச்சியான தேயிலைப் பரப்பும் அடுத்தடுத்து அமைந்த லயங்களுமேயாகும். யட்டியாந்தோட்டை, தெரணியகலை, புலத்கொகுப்பிட்டிய, எகலியகொடை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை ஆகிய பகுதிகளின் நிலைமை அதுவன்று. இங்கே தேயிலையும் றப்பரும் கலந்து காணப்படுகின்றன. தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. தேயிலைக்குத் தேவைப்படும் அளவு தொழிலாளரை றப்பர் வேண்டி நிற்பதில்லை. தொழிலாளர் தொகை குறையவே பிள்ளைகளின் தொகை குறைந்தது, பாடசாலை சிறுத்தது, ஆசிரியர் ஒருவரோ இருவரோ ஆயினர். பயிரின் தன்மை உழைப்பின் அளவைத் தீர்மானித்தது போலவே வகுப்பறையின் அமைப்பையும் தீர்மானித்தது. ஐந்து வகுப்பு மாணவரும் ஒரே கூரையின் கீழ் ஓர் ஆசிரியரிடம் கற்பது இப்பகுதியில் விதிவிலக்காக அன்றிப் பொதுவழக்காக அமைந்தமைக்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

இத்தகைய வகுப்பை நடத்தும் முறையொன்று தமிழரிடையே ஏலவே இருந்தது. 1789 இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொத்லாந்துப் பாதிரியார், அயலிலிருந்த நாட்டுப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் ஆசிரியர்கள் அம்முறையைக் கையாள மறுத்தபோது எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே கீழ்வகுப்பினருக்கு எழுத்தறிவித்தார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் இவ்வேற்பாடு 1797 இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் மூலம் 'மதராஸ் முறை' எனப் பெயர்பெற்று, இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளிற் பரவியது. நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை கடல் கடந்து ஒரு கல்விக் கோட்பாடாக மாறிய கதை இது. அங்கு அது விரும்பப்பட்டமைக்குக் காரணம் அதன் நயமன்று, மலிவு. ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரை நடத்திவிடலாம் என்பதே கைத்தொழிற் புரட்சிக் காலத்து ஆங்கிலேயரைக் கவர்ந்தது.

இதனைக் கொண்டு தோட்டப் பள்ளியைத் திண்ணைப் பள்ளியின் நேர் வாரிசு என்று பெருமிதங் கொள்வது பொருந்தாது. தமிழகத்திலிருந்து பெருந்தோட்டங்களுக்கு வந்தோருட் பெருந்தொகையினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் அவர்களின் பிள்ளைகளைத் திண்ணை ஏற்றதில்லை. லயத்தின் ஓரத்திலோ மரநிழலிலோ எழுத்தறிந்த ஒருவர் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்த லயப் பள்ளியே பல குடும்பங்களுக்கு முதலாவது பள்ளியாக இருந்தது. திண்ணையின் முறை வந்தது. திண்ணையின் வாயிற்காவலும் முழுமையாக வந்தது எனல் இயலாது. 1854 இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷனும் தன் சமயப் பணிக்கு வாய்ப்பாகச் சில பள்ளிகளை நடத்தியது.

சட்டங்களைச் சுருக்கமாகக் குறிப்பிட்டு அப்பாற் செல்லலாம். 6 முதல் 10 வரை வயதுடைய தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவதும் பொருத்தமான ஓர் அறையை ஒதுக்குவதும் தோட்டத்துரையின் கடமை என 1907 ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதனை மீளவும் வலியுறுத்தியது. பத்து வயதுடன் கல்வி முடிந்துவிடும் என்பது இச்சட்டங்களின் உள்ளார்ந்த எடுகோளாகும். பதினொராம் வயதில் அப்பிள்ளை மலைக்குப் போகவேண்டியவன் அன்றோ! 1945 ஒக்டோபரில் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் ஓரத்திலேயே நின்றன. 1960-61 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற வேளையிலும் தோட்டப் பாடசாலைகள் துரைமாரிடமே விடப்பட்டன. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் வாக்கிழந்த மக்களின் பாடசாலைகளுக்காகப் பாராளுமன்றத்தில் உரத்துப் பேச எவருக்கும் தேவை எழவில்லை.

தோட்டப் பாடசாலையின் உட்புறம் நம் கவனத்துக்கு உரியது. நீண்ட மண்டபம் ஒன்று. தடுப்புச் சுவர் கிடையாது. அரைச் சுவருக்கு மேலே திறந்த வெளி. சில வாங்குகள், ஒன்றிரண்டு கரும்பலகைகள், சிலேற்று, வெண்கட்டி என்பனவே கருவிகள். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுவிட்டு ஆசிரியர் முதலாம் வகுப்பிடம் செல்வார். அவர் செல்வதற்கு முன்பே நான்காம் வகுப்புப் பிள்ளையொன்று அங்கு நின்று 'அ'னா, 'ஆ'வன்னா சொல்லிக் கொடுத்துக் கொண்டிருக்கும். தங்கையைக் கையிற் பிடித்து வந்த அக்காளே அத்தங்கையின் ஆசிரியையாகவும் இருந்தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை, அடுத்த வாங்கில் நடக்கும் மூன்றாம் வகுப்புப் பாடத்தைக் காதால் வாங்கி, அவ்வகுப்புக்கு ஏறும் முன்னரே மனனஞ் செய்திருக்கும். பரிசோதகர் இதனை இரைச்சல் எனக் கருதக்கூடும். ஆனால், பிள்ளை பிள்ளையிடம் கற்றல், வகுப்பெல்லை கடந்து கற்றல், தன் வேகத்திற் கற்றல் என இன்றைய கல்வியியல் எதனைப் புகழ்ந்துரைக்கின்றதோ அதுவே இங்கு வறுமையின் காரணமாக நடந்தேறிக் கொண்டிருந்தது.

நடந்தேறியது என்று கூறுவதற்கும் வளர்த்தெடுக்கப்பட்டது என்று கூறுவதற்கும் வேறுபாடு உண்டு. ஆசிரியர் பயிற்சி பெறாதவர். பாடநூல் ஒவ்வொரு வகுப்புக்கும் தனி ஆசிரியர் உள்ள பாடசாலையை மனங்கொண்டு எழுதப்பட்டது. ஆகவே, பிள்ளை பிள்ளைக்குக் கற்பித்தது பெரும்பாலும் ஒப்புவித்தலாகவே நின்றுவிட்டது. பிரம்பும் ஓய்ந்திருக்கவில்லை. லயத்திலே மாசி மாதத்தில் காமன் கூத்தின் பாடல்களை இராமுழுதும் கேட்டு, ஆட்டத்தோடு மனத்திற் பதித்துக்கொள்ளும் அதே பிள்ளை, பாடசாலையிற் செய்யுளை அசைவின்றி நின்று ஒப்புவிக்க வேண்டியிருந்தது. சமூகத்தின் கலைக்கும் பள்ளியின் கற்பித்தலுக்கும் இடையே ஒரு வாசலேனும் திறக்கப்படவில்லை. 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'கூடி விளையாடு பாப்பா' யாழ்ப்பாணத்தில் சிறுவர் அரங்கை வகுப்பறைக்கு அண்மையாகக் கொண்டுவந்தபோது, சப்ரகமுவவின் லயங்களில் அதற்கு வேண்டிய ஆட்டமும் பாட்டும் மிகுதியாக இருந்தன. ஆசிரியரே இல்லை.

1975 இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டதைத் தொடர்ந்து 1977 முதல் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. இது தோட்டக் கல்வி வரலாற்றின் மாபெருந் திருப்பம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சப்ரகமுவவில் இத்திருப்பம் தீயின் நடுவே நிகழ்ந்தது. 1977 இலும், 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்திலும், மீண்டும் 1983 இலும் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் பெயர்ந்தன. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்றோராலும் வகுப்புகள் ஏற்கெனவே மெலிந்திருந்தன. அரசு கையேற்ற பாடசாலையில் முன்பிருந்த பிள்ளைகளுட் பலர் இல்லை. பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைவர் என்பது திணைக்களத்தின் கணக்கு.

1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டின் உதவியும் அடுத்து ஜெர்மனியின் உதவியும் கிடைத்தன. கட்டடங்கள் எழுந்தன, தோட்டத்து இளைஞர் ஆசிரியராயினர், பயிற்சிக் கலாசாலைக்குச் செல்ல இயலாதோர் தொலைக்கல்விப் பாட ஏடுகளின் வழி பயின்றனர். 1990களின் தொடக்கத்தில் கொட்டகலை, பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றியது. சிவனொளிபாத மலையின் ஒரு பக்கம் நுவரெலியா, மறுபக்கம் இரத்தினபுரி. மலையின் பெயர் தாங்கிய கல்லூரி நுவரெலியாப் பக்கத்தில் அமைந்தது. அதன் பயனும் அப்பக்கத்துக்கே கூடுதலாகச் சென்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இடைநிலையில் தமிழ்மொழிமூலப் பாடசாலை எட்டா இடங்களில் சப்ரகமுவப் பிள்ளை சிங்களப் பாடசாலையை நாடுகின்றது, அல்லது படிப்பை விடுகின்றது. உயர்தரங் கற்ற உள்ளூர் இளைஞர் இல்லையெனில், அக்கல்லூரிக்குச் சென்று ஆசிரியராகித் திரும்புவோர் யார்?

1999 இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகிய மூன்றையும் முதன்மை நிலைக்கேற்ப வகுத்தது. 2007 ஆம் ஆண்டின் கலைத்திட்டம் இடைநிலைக்கு ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகளைத் தந்தது. இரண்டும் சிறந்தவையே. இரண்டும், ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் உண்டு என்ற எடுகோளின் மீது நின்றவையுமாகும். மூன்று வகுப்புகளை ஒருங்கே வைத்திருப்பவர் முதலாம் வகுப்பை விளையாட விட்டால் மூன்றாம் வகுப்பின் எழுத்துவேலை கலையும். இதனை அறிய ஆய்வு வேண்டியதில்லை.

இதே இக்கட்டைப் பிற நாட்டினர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது நோக்கத்தக்கது. கொலம்பியாவின் சிற்றூர்ப் பள்ளிகளில் 1970களில் உருவான 'புதிய பள்ளி' இயக்கம், பிள்ளை தானே படித்து முன்னேறும் கையேடுகளை ஆக்கியது. நமக்கு இன்னும் நெருங்கிய சான்று தமிழகத்தில் உண்டு. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி வளர்த்த அட்டை முறையைத் தழுவி, 2003 இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08 இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் அமர்வர். ஏணிப்படி போன்ற அட்டவணையில் தன் இடத்தைக் கண்டு, உரிய அட்டையைப் பிள்ளையே எடுக்கும். எட்டும் உயரத்திற் கரும்பலகை இருக்கும். மனனக் குறைவும் கண்காணிப்புக் குறைவும் அதன்மேற் சாட்டப்பட்டன. பின்னாளில் அம்முறை மாற்றப்பட்டும் விட்டது. எனினும், பல்வகுப்பு அறையைக் குறைபாடாகக் கொள்ளாது தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, தமிழிலேயே அட்டை அட்டையாகப் பாடத்தைப் பிரித்தெழுதியமை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இலங்கையிலும் ஆஞ்சலா லிட்டிலின் தலைமையில் 1998 இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வுத் திட்டம் பல்வகுப்புக் கற்பித்தலை ஆராய்ந்தது. தோட்டக் கல்வியின் வரலாற்றை நூலாக எழுதியவரும் அவரே என்பது குறிப்பிடத்தக்கது.

ஆய்வு ஒரு திசையிற் சென்றது, நியமனம் வேறொரு திசையிற் சென்றது. 2015 அளவில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ 3,000 பேர் ஆசிரிய உதவியாளராகச் சேர்க்கப்பட்டனர். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பின்னர் 10,000 ரூபா. பெயரிலே 'உதவியாளர்' எனினும், உதவுதற்கு வேறோர் ஆசிரியர் இல்லாத பாடசாலைகளும் இருந்தன.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கருவிகளின் உண்மை நிலை வெளிப்பட்டது. தொலைக்காட்சியில் 'குருகெதர' எனச் சிங்களத்திலும் 'குருகுலம்' எனத் தமிழிலும் பாடங்கள் ஒளிபரப்பாயின. 'ஈ-தக்சலாவ' தளத்திற் பாடங்கள் குவிந்தன. லயத்து அறையில் கைத்தொலைபேசி ஒன்றே. அது தந்தையுடன் பால்வெட்டுக்கோ நகரத்து வேலைக்கோ சென்றுவிடும். மாலையில் அது திரும்பும்போது மூன்று பிள்ளைகள் காத்திருப்பர். பள்ளத்தாக்கில் அலைவரிசை எட்டாது. தரவுக்குப் பணம் வேண்டும். தொலைக்காட்சி பேசும், ஆனால் பிள்ளையின் மறுமொழியைக் கேளாது. இடைவினை என்ற சொல் மிகுதியாக ஒலித்த அக்காலத்திலேதான் இடைவினை முற்றாக அற்றுப்போயிற்று.

திறப்பின் வரிசை கவனிக்கத்தக்கது. 2021 ஒக்டோபர் 21 இல் முதலில் திறக்கப்பட்டவை 200க்குக் குறைந்த மாணவரைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகள். சம்பள முரண்பாட்டை முன்னிறுத்திய ஆசிரியர் போராட்டத்தால் அன்று பல இடங்களில் ஆசிரியர் வரவில்லை. 25 ஆம் திகதி வந்தனர். பாடசாலை சிறிது என்பதையே குற்றமாகக் கண்ட நிருவாகம், அதனை ஒரு நன்மையாக ஏற்றுக்கொண்டமைக்கு இதனிலும் தெளிவான சான்று கிடைப்பதரிது. அச்சலுகை சில கிழமைகளுக்கு மேல் நீடிக்கவில்லை. பெரிய பாடசாலைகள் திறந்தபின் சிறிய பாடசாலை மீண்டும் ஆளணிப் பற்றாக்குறையின் பட்டியலுக்கே திரும்பியது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியபோது மின்கருவியை நம்பிய கற்பித்தலும் ஓய்ந்தது. கரும்பலகைக்கு மின்சாரம் வேண்டியிருக்கவில்லை.

2024 பெப்ரவரியில் இந்திய அரசு, பெருந்தோட்டப் பாடசாலைகள் ஒன்பதின் மேம்பாட்டுக்கான நன்கொடையை இருமடங்காக்கி 60 கோடி இலங்கை ரூபாவாக உயர்த்த உடன்பட்டது. ஒன்பதில் ஆறு மத்திய மாகாணத்துக்கு; ஊவா, தென், சப்ரகமுவ மாகாணங்களுக்கு ஒவ்வொன்று. அந்த ஒன்று எவ்வளவு சிறப்பாக அமையினும் ஒன்றே. ஏனையவற்றுள், ஒருவரே மூன்று வகுப்புகளைக் காக்கும் பாடசாலைக்குத் திணைக்களத்திடமிருந்து வந்து சேர்வன முதலாம் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வழிகாட்டி, இரண்டாம் வகுப்புக்கு ஒன்று, மூன்றாம் வகுப்புக்கு ஒன்று. மூன்றையும் ஒரே காலையில் ஒரே அறையில் எவ்வாறு இணைப்பது என்பதை எழுதிய பக்கம் அம்மூன்றில் எதிலும் இல்லை. அப்பக்கத்தை இன்றும் ஆசிரியையே நாள்தோறும் தன் கொப்பியில் எழுதிக் கொள்கின்றார். தவணை முடிவில் அக்கொப்பியைக் கேட்டு வாங்கிப் படிப்போர் எவருமிலர்.