கோழி வலையில் இறங்கிய வகுப்பறை

சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அன்றைய மெட்ராஸ்வாசிகள் அதை ஒரு பெரிய அதிசயமாகப் பார்த்திருப்பார்கள். ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்பே, ஆகஸ்ட் 1-ஆம் தேதியே, ஒரிசாவின் சம்பல்பூர் பக்கத்திலும் கர்நாடகத்தின் ரெய்ச்சூர் பக்கத்திலும் பல கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து டிவியில் பாடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அதுவும் ஊரில் இருக்கும் கோபுரத்திலிருந்து வந்த ஒளிபரப்பு அல்ல. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த ஒரு செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வந்தது.

இன்றைக்கு ஆன்லைன் வகுப்பு, டிஜிட்டல் கல்வி என்றெல்லாம் பேசும்போது இது ஏதோ நேற்று முளைத்த யோசனை போலத் தோன்றும். கையில் இருக்கும் புதிய கருவியைக் கொண்டு வெவ்வேறு மொழி, வெவ்வேறு நிலையில் உள்ள மாணவர்களை எப்படி எட்டுவது என்ற கேள்வியை இந்தியா ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முழு வருடம் சோதித்துப் பார்த்திருக்கிறது. அந்தச் சோதனையின் பெயர் சைட். செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை என்று தமிழில் சொல்லலாம்.

இதன் மூலகாரணம் விக்ரம் சாராபாய். 1960-களில் இந்தியாவில் தொலைக்காட்சி டெல்லியைத் தாண்டவில்லை. ஒவ்வொரு நகரமாகக் கோபுரம் கட்டி, பிறகு மெதுவாகக் கிராமத்துக்குப் போகலாம் என்பதுதான் எல்லோரும் நினைத்த வழி. சாராபாய் அதைத் தலைகீழாகப் போட்டார். வானத்தில் ஒரு செயற்கைக்கோள் இருந்தால் அதற்கு டெல்லியும் ஒன்றுதான், கடைக்கோடிக் கிராமமும் ஒன்றுதான். அப்படியானால் எதற்குக் கிராமம் கடைசியில் வரவேண்டும்? முதலிலேயே வரட்டுமே! 1967 ஜனவரியில் டெல்லியைச் சுற்றியிருந்த 80 கிராமங்களில் விவசாயிகளுக்கான 'கிருஷி தர்ஷன்' நிகழ்ச்சி தொடங்கியபோது, பொது இடத்தில் ஒரு பெட்டி வைத்து ஊரே சேர்ந்து பார்ப்பது நடக்கக்கூடிய காரியம்தான் என்பதும் தெரிந்துவிட்டது.

1969 செப்டம்பர் 18 அன்று அமெரிக்காவின் நாசாவுக்கும் இந்திய அணுசக்தித் துறைக்கும் ஒப்பந்தம் ஆனது. (இஸ்ரோவுக்கு அப்போது ஒரு மாதம்தான் வயது.) செயற்கைக்கோளை அமெரிக்கா ஒரு வருடத்துக்கு இரவல் தரும். தரையில் உள்ள எல்லாமும், நிகழ்ச்சிகளும் இந்தியாவின் பொறுப்பு. இதைப் பார்க்க சாராபாய்க்குக் கொடுத்து வைக்கவில்லை. 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் காலமானார். அவர் தொடங்கியதை அகமதாபாத்தில் யஷ் பாலும் ஈ.வி. சிட்னிஸும் அவர்களுடைய குழுவும் முடித்து வைத்தார்கள்.

அந்தச் செயற்கைக்கோளின் பெயர் ஏடிஎஸ்-6. 1974 மே 30 அன்று ஏவப்பட்டது. முதல் வருடம் அமெரிக்காவிலேயே வேலை செய்தது. அலாஸ்கா, அப்பலாச்சிய மலைப்பகுதி, ராக்கி மலைப்பகுதி என்று ஆசிரியரும் மருத்துவரும் எளிதில் போகமுடியாத இடங்களுக்குப் பாடங்களைக் கொண்டுபோனது. பிறகு 1975-இல் அதை மெதுவாக நகர்த்தி, கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மேலே நிறுத்தினார்கள். அங்கிருந்து பார்த்தால் இந்தியா தெரியும்.

இதில் உள்ள தொழில்நுட்பம் ரசிக்கத்தக்கது. அதுவரை செயற்கைக்கோள் சமிக்ஞையை வாங்க வேண்டுமென்றால் தரையில் மாபெரும் ஆன்டெனா வேண்டும். அதைக் கிராமத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? அதனால் பெரிய ஆன்டெனாவை மேலே அனுப்பிவிட்டார்கள். ஏடிஎஸ்-6-இல் சுமார் 9 மீட்டர் அகலமுள்ள குடை மாதிரி ஒரு ஆன்டெனா இருந்தது. ஏவும்போது மடங்கியிருக்கும், மேலே போனதும் விரியும். மேலே அவ்வளவு பெரிதாக இருந்ததால், கீழே 3 மீட்டர் ஆன்டெனாவே போதுமானதாக இருந்தது. அதையும் எதில் செய்தார்கள் தெரியுமா? கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையில்! வடிவமைத்தது அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோ மையம். டிவி பெட்டிகளைச் செய்தது ஹைதராபாத்தின் இ.சி.ஐ.எல். நிறுவனம். மின்சாரம் இல்லாத சில ஊர்களுக்கு பாட்டரியில் ஓடும் பெட்டிகள் போயின.

ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில், 20 மாவட்டங்களில், சுமார் 2,400 கிராமங்கள் தேர்வாயின. (தமிழ்நாடு பட்டியலில் இல்லை.) வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களாகப் பார்த்துத்தான் எடுத்தார்கள். பெட்டியைப் பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோதான் வைத்தார்கள். பண்ணையார் வீட்டுத் திண்ணையில் வைத்தால் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பக்கத்து நாட்டில் ஒரே ஒரு பெட்டி இருந்தது. அது கொழும்பில், எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் வீட்டில். செயற்கைக்கோளை இப்படி ஒரே இடத்தில் நிறுத்தி உலகத்துக்கே ஒலிபரப்பலாம் என்று 1945-லேயே எழுதியவர் அவர். அந்த மரியாதைக்காக இஸ்ரோ பொறியாளர்களே போய்ப் பொருத்திக் கொடுத்தார்கள். இலங்கையில் தொலைக்காட்சி 1979-இல்தான் வந்தது. அதுவரை தீவிலேயே டிவி பார்த்த வீடு அதுவாகத்தான் இருக்கும்.

சரி, வானத்து வேலை முடிந்தது. இனிமேல்தான் கஷ்டமான பகுதி.

ஒரு நாளைக்கு 4 மணி நேரம் ஒளிபரப்பு. காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. காலை நேரத்தை இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என்று நான்கு மொழிக்குப் பங்கு போட வேண்டும். ஒரு மொழிக்கு இருபத்திரண்டரை நிமிடம். அந்த இருபத்திரண்டரை நிமிடத்தைப் பார்க்கும் பிள்ளைகளின் வயது 5 முதல் 12 வரை! 'அ' எழுதத் தெரியாத பிள்ளையும், பின்னக் கணக்குப் போடும் பிள்ளையும் ஒரே தரையில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்தார்கள்.

மொழிச் சிக்கல் இன்னும் ஆழமானது. செயற்கைக்கோளில் ஒரு படத்துக்கு இரண்டு ஒலிப் பாதைகள் இருந்தன. அதனால் ஒரே படத்தைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரே சமயத்தில் அனுப்ப முடிந்தது. நல்ல தந்திரம்தான். ஆனால் பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் மூன்றுக்கும் ஒரே இந்தி. முசாபர்பூர் பக்கத்துப் பிள்ளை வீட்டில் பேசுவது பஜ்ஜிகா அல்லது மைதிலி. ராய்ப்பூர் பக்கத்துப் பிள்ளை பேசுவது சத்தீஸ்கரி. டெல்லியில் தயாரான புத்தக இந்தி அவர்களுக்குப் பாதி அந்நிய மொழி. ஒரிசாவிலும் அதே கதைதான். நிகழ்ச்சி தயாரானது கடலோரக் கட்டாக்கில், பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் மேற்கே சம்பல்பூரில். நான்கு மொழிகளில் கொடுத்ததால் எல்லோரையும் எட்டிவிட்டதாகக் கணக்குக் காட்டலாம். மாநிலத்தின் மொழி வேறு, வீட்டின் மொழி வேறு என்பது அந்தக் கணக்கில் வராது.

விவசாய நிகழ்ச்சிகளும் இதே இடத்தில்தான் தடுக்கின. மண்ணும் மழையும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஆறு மாநிலத்துக்கும் பொதுவாகச் சொல்லும் யோசனை யார் வயலுக்கும் சரியாகப் பொருந்தாது. இதற்கு மாற்றாக குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிஜ் என்ற ஊரில் ஒரு சிறிய ஒளிபரப்பு நிலையத்தை இஸ்ரோ அதே 1975-இல் தொடங்கியது. அங்கே கிராமத்தவரின் பிரச்சினைகளை வைத்தே, அவர்களையும் பங்கேற்க வைத்து நிகழ்ச்சிகள் தயாராயின. 1984-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது அந்தச் சின்ன நிலையத்துக்குத்தான்.

முடிவு என்ன ஆனது? இஸ்ரோ இதை அளந்து பார்த்ததுதான் பாராட்டவேண்டிய விஷயம். மானிடவியல் ஆய்வாளர்கள் கிராமங்களிலேயே மாதக்கணக்கில் தங்கிக் கவனித்தார்கள். முதல் சில நாட்கள் திருவிழாக் கூட்டம். பிறகு கூட்டம் கரைந்து ஒரு நிலைக்கு வந்தது. பிள்ளைகளின் மொழித் திறன் முன்னேறியது, புதிதாகத் தெரிந்துகொள்ளும் ஆர்வம் கூடியது. ஆனால் பள்ளி மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் இல்லை, பாதியில் நிற்கும் பிள்ளைகளையும் அது தடுத்து நிறுத்தவில்லை. வயலுக்கும் மாட்டுக்கும் தேவைப்படும் பிள்ளையை டிவி எப்படி நிறுத்தும்? பெரியவர்களில், பெண்களும் எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் உடல்நலம் போன்ற விஷயங்களில் மற்றவர்களைவிட அதிகம் கற்றுக்கொண்டார்கள். வேறு எந்த வழியிலும் செய்தி போகாத இடம் அல்லவா, அதனால் இருக்கலாம்.

அதிகம் பேசப்படாத வெற்றி ஆசிரியர் பயிற்சி. விடுமுறைகளில் ஆசிரியர்களைப் பெட்டி இருந்த ஊர்களில் கூட்டி, டிவி, வானொலி, அச்சுப் புத்தகம், கையால் செய்யும் எளிய சோதனைகள் எல்லாம் சேர்த்து இரண்டு கட்டமாகப் பயிற்சி கொடுத்தார்கள். சுமார் 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள். பிள்ளை டிவியிடம் சந்தேகம் கேட்கமுடியாது, பக்கத்தில் நிற்கும் வாத்தியாரிடம் கேட்கலாம். இதைத் திட்டத்தின் ஓரமாக இல்லாமல் நடுவில் வைத்திருந்தால் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அந்த வருடம் முழுவதும் நாட்டில் நெருக்கடி நிலை. மாலை நேரத்தில் அரை மணி எல்லா மாநிலத்துக்கும் பொதுவான நிகழ்ச்சி. அரசு என்ன சொல்ல விரும்பியதோ அதைத்தான் அந்தப் பெட்டி சொல்லியிருக்கும்.

1976 ஜூலை 31 அன்று இரவலின் தவணை முடிந்தது. ஏடிஎஸ்-6 திரும்பிப் போனது. அடுத்த வருடம் ஜெய்ப்பூர், ராய்ப்பூர், முசாபர்பூர், சம்பல்பூர், ஹைதராபாத், குல்பர்கா ஆகிய இடங்களில் தரைக் கோபுரங்கள் வந்தன. அவை எட்டியது சைட் கிராமங்களில் ஒரு பகுதியை மட்டும்தான். சொந்தச் செயற்கைக்கோளான இன்சாட்-1ஏ 1982-இல் போய் சில மாதங்களிலேயே செயலிழந்தது. 1983-இல் போன இன்சாட்-1பி நன்றாக வேலை செய்தது. ஆனால் அதற்குள் டிவி வண்ணத்துக்கும் விளம்பரத்துக்கும் போய்விட்டது. கல்விக்கென்றே எஜுசாட் 2004 செப்டம்பர் 20 அன்று ஏவப்பட்டது. அதில் தூரத்து வகுப்பில் இருந்த மாணவர் எழுந்து ஆசிரியரிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடிந்தது. அதுவும் 2010-இல் ஓய்வு பெற்றது.

2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, போனும் இணையமும் இல்லாத வீடுகளுக்குத் தமிழ்நாடு அரசு கைகொடுத்தது கல்வித் தொலைக்காட்சி மூலம். இந்த முறை வகுப்புக்கு ஒரு நேரம் என்று அட்டவணை போட்டிருந்தார்கள். பக்கத்தில் நிற்க வாத்தியார்தான் இல்லை.