கரைவாகு தெற்கின் சபை: ஒரு கோரிக்கையின் வரலாறு

சாய்ந்தமருதின் தனிச் சபைக் கோரிக்கையைத் தேர்தல் காலத்துக் கூச்சலாகவே பலர் பார்க்கிறார்கள். அதன் வேர் அதைவிடப் பழையது.

அமெரிக்க நகரங்கள் பலவற்றுக்குத் தனித்தனிச் சாசனம் உண்டு. அதைத் திருத்துவதென்றால் நகரவாசிகளிடமே வாக்குக் கேட்பார்கள். எங்கட நாட்டில் அந்த வழக்கம் இல்லை. 1865இல் வந்த கட்டளைச் சட்டம் கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகர சபை தந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். எல்லா மாநகரங்களுக்கும் அது ஒன்றேதான். ஓர் ஊர் எந்தச் சபைக்குள் இருப்பது என்பதை அமைச்சரின் வர்த்தமானி அறிவித்தல் முடிவு செய்துவிடும்.

கல்முனைப் பட்டின சபையும் கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்குக் கிராம சபைகளும் ஒரு காலத்தில் தனித்தனியே இயங்கின. சாய்ந்தமருதின் சபை கரைவாகு தெற்கு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் நான்கும் ஒன்றாக்கப்பட்டன. அந்தச் சபையே பின்னர் மாநகர சபையாக உயர்ந்தது. தரம் உயர்ந்ததில் கல்முனைக்குப் பெருமைதான். ஆனால் தங்கட பழைய சபை போயிற்றே என்ற ஏக்கம் சாய்ந்தமருது மக்களுக்கு ஆறவில்லை.

சபையின் முடிவொன்று பிழையென்றால் முறையிட வழியுண்டு. ஆதன வரி மதிப்பீட்டுக்கு முதலில் சபையிடமே ஆட்சேபனை கொடுக்கலாம். அங்கே தீராவிட்டால் நீதிமன்றம் போகலாம். அதிகாரத்தை மீறிய முடிவுக்கு எதிராக எழுத்தாணை கேட்கலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். ஆனால் இவையெல்லாம் எடுத்த முடிவை எதிர்க்கும் வழிகள். புதுச் சபை கேட்கும் ஊருக்கு, அமைச்சரிடம் மனுக் கொடுப்பதைத் தவிர வேறென்ன இருக்கு?

அதனாலேதான் கோரிக்கை பள்ளிவாசலுக்கும் வீதிக்கும் வந்தது. 2017இல் கடைகள் அடைக்கப்பட்டன. 2018 தேர்தலில் பள்ளிவாசலின் ஆதரவோடு தோடம்பழச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழு 9 ஆசனங்களைப் பெற்றது. 2020 பெப்ரவரியில் நகர சபைக்கான வர்த்தமானி வெளிவந்தது. சில நாட்களுக்குள் அது நிறுத்தப்பட்டது. வந்ததும் போனதும் கொழும்பிலே எடுத்த முடிவுகள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சாய்ந்தமருது மட்டும் பிரிந்தால் மாநகர சபையில் தங்கட பலம் குறையுமென்று கல்முனை முஸ்லிம்கள் அஞ்சினார்கள். பிரிப்பதென்றால் முன்போல் நான்காகப் பிரியுங்கள் என்றார்கள். கல்முனைத் தமிழ் மக்களுக்கும் தங்கட நிருவாகம் பற்றிய நீண்டகாலக் கோரிக்கை உண்டு. மூன்று பக்க நியாயங்களையும் ஒரே மேசையில் வைத்துப் பகிரங்கமாக விசாரித்து, அறிக்கை வெளியிட்டு, அதன் பிறகு எல்லையைத் தொடும் ஒழுங்கொன்று சட்டத்தில் இருந்திருந்தால், அயலூர்க்காரர்களாகிய நாம் ஒருவரையொருவர் இவ்வளவு சந்தேகத்தோடு பார்க்க நேர்ந்திராது. எந்தச் சபை யாருக்கு என்று வாதாடுமுன் நம் ஊர்கள் சேர்ந்து கேட்க வேண்டியது அந்த ஒழுங்கைத்தான்.