ஆற்றின் குறுக்கே அரை லட்சம்

போன வாரம் உங்களைப் படகுத்துறையில் நிறுத்திவிட்டுப் போனேன். தாமிரபரணி இரு கரையும் தொட்டு ஓடுகிறது. அக்கரையில் பாளையங்கோட்டை. இக்கரையில் வீரராகவபுரம், அதற்கு மேற்கே நெல்லையப்பர் கோயிலும் பேட்டைகளும். நடுவே ஒற்றைப் படகு. யார் முதலில் ஏறுவது என்று துறையில் கிளம்பிய தகராறு கைகலப்பாகி, நாலு உயிர் போயிற்று என்று நெல்லையில் இன்றும் சொல்கிறார்கள்.

அந்தச் சாவுச் செய்தி இப்போது கலெக்டர் மேசைக்கு வந்துவிட்டது.

கலெக்டர் ஈ.பி. தாம்சன். நாலு பேர் செத்ததற்காக மட்டும் கம்பெனி சர்க்கார் பாலம் கட்டிவிடாது என்று அவருக்குத் தெரியும். அவருக்கு வேறு கவலைகளும் இருந்தன. பட்டாளம் பாளையங்கோட்டையில் இருக்கிறது. துரைமார் வீடுகளும் அங்கேதான். மதுரையிலிருந்து வரும் பெருவழியோ ஆற்றுக்கு இந்தப் பக்கமே வந்து நின்றுவிடுகிறது. அங்கிருந்து கிளம்பும் பீரங்கி வண்டி நாள்கணக்கில் உருண்டு வந்து, கடைசியில் தாமிரபரணிக் கரையில் படகுக்காரனின் தயவுக்குக் காத்திருக்கவேண்டும். பாளையக்காரர் போர்கள் முடிந்து நாற்பது வருஷம்தான் ஆகிறது. பாஞ்சாலங்குறிச்சியைத் தெற்கே இருந்த எந்த வெள்ளைக்கார அதிகாரியும் மறந்திருக்க மாட்டார்.

ஆறும் சும்மா இருக்கிற ஆறா? மேற்கே பொதிகையில் மழை பிடித்தால் ஆனி மாதத்திலேயே தண்ணீர் ஏறிவிடும். ஐப்பசி பிறந்தால் கிழக்கு மழை. ஆனியில் நெல்லையப்பருக்குத் தேரோட்டம். ஐப்பசியில் காந்திமதி அம்மனுக்குத் திருக்கல்யாணம். கூட்டம் எப்போது ஆற்றைக் கடக்கவேண்டுமோ, அப்போதுதான் ஆறு கடக்கவிடாது.

வருஷம் 1840. கலெக்டர் கச்சேரியில் நாலு பேர் கூடினார்கள்.

தலைமாட்டில் தாம்சன். அவருக்குப் பக்கத்தில் இரண்டு ராணுவ என்ஜினீயர்கள். ஒருவர் கேப்டன் பேபர். இன்னொருவர் டபிள்யூ.எச். ஹார்ஸ்லி. இரண்டு வருஷத்துக்கு முன்தான் திருவிதாங்கூர் நாட்டைப் பற்றி முழு அறிக்கை எழுதி முடித்தவர். நாலாவது ஆள் நம்மவர். கச்சேரியின் சிரஸ்தார், சுலோச்சன முதலியார்.

அவரைக் கொஞ்சம் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைய கதை அவருடையது.

பேபர் வரைபடத்தை விரித்தார். எல்லோரும் குனிந்தார்கள்.

பதினொரு வளைவுகள். ஒவ்வொன்றும் 60 அடி அகலம். பாலத்தின் நீளம் 760 அடி. மேலே இருபத்தோரு அடிக்குச் சற்று அதிகமான பாதை. எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் ஒதுங்கிப் போகலாம். சாயல் லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயல். தேம்ஸ் நதியில் ஒன்பது வளைவுகளோடு நின்ற அந்தப் பாலத்தின் தம்பி, தாமிரபரணியில் பதினொரு வளைவுகளோடு எழும்.

அழகான படம்தான். செலவு எவ்வளவு?

ஐம்பதாயிரம் ரூபாய்.

அரை லட்சம்! அந்தக் காலத்தில் ஒரு ஜில்லா கலெக்டர் தன்னிஷ்டப்படி செலவழிக்கிற தொகையா இது? சென்னையில் வருவாய் வாரியம் இருக்கிறது. அதற்கு எழுதவேண்டும். வாரியம் கோட்டைக்கு எழுதும். கோட்டையில் கேள்வி கேட்பார்கள். பெரிய செலவென்றால் கப்பலேறி லண்டனுக்குப் போய் டைரக்டர்கள் தலையசைத்துத் திரும்பி வரவேண்டும். அவர்கள் தலையசைப்பதும் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்.

பணம் போட்டால் பணம் வருமா?

அணைக்கட்டு என்றால் வரும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று ஏழு அணைகள் அந்த ஆற்றில் அப்போதே இருந்தன. அவற்றில் ஒரு கல் பெயர்ந்தாலும் கம்பெனி பதறும். தண்ணீர் பாய்ந்தால் நஞ்சை விளையும். நஞ்சை விளைந்தால் கிஸ்தி வரும். பாலம் எதை விளைவிக்கும்? ஜனங்கள் கால் நனையாமல் நடப்பார்கள், அவ்வளவுதான். அதற்குக் கணக்குப் புத்தகத்தில் பத்தி கிடையாது.

இத்தனைக்கும் அந்தப் பள்ளத்தாக்கு வருஷா வருஷம் வரியைக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பணத்தில் ஒரு துண்டு அந்த ஊருக்கே பாலமாகத் திரும்பி வருவது நியாயம். எனக்கு இதை எழுதும்போதே ஆத்திரம் வருகிறது. மேசையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவருக்காவது வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆக, சர்க்கார் பணம் இல்லை. வேறு வழி?

வாட்டர்லூ பாலம் எப்படிக் கட்டினார்கள்? அங்கே ஒரு தனிக் கம்பெனி முதல் போட்டது. பாலத்தின் முனையில் சாவடி வைத்து, நடக்கிறவனிடமும் காசு வாங்கியது. நெல்லையில் அப்படி முதல் போடும் கம்பெனிக்கு எங்கே போவது?

கடைசியில் அந்த மேசையில் மிஞ்சியது ஒரே வார்த்தை.

வசூல்.

ஊரார் ஆற்றைக் கடக்கப்போகிறார்கள். ஊராரே கொடுக்கட்டும். மிராசுதார்கள், வியாபாரிகள், குடியானவர்கள் எல்லோரிடமும் திரட்டுவது. சரி, யார் போய்க் கேட்பது? ஜில்லாவில் எந்தக் கிராமத்தில் யாருக்கு எத்தனை கோட்டை விதைப்பாடு, யார் பாக்கி வைத்திருக்கிறார், யாரிடம் மிச்சம் இருக்கிறது என்று விரல் நுனியில் வைத்திருப்பவர் யார்?

மூன்று துரைமார்களின் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது.

சிரஸ்தார் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கூட்டம் கலைந்தது.

இப்போது நாம் அவரோடு நடப்போம். இந்தத் தொடரில் இதுவரை எத்தனையோ சண்டைகளைப் பார்த்தோம். எனக்கு அந்த எல்லாச் சண்டைகளையும்விடப் பெரியது, அன்று சாயங்காலம் கச்சேரியிலிருந்து வீடு வரைக்கும் அந்த மனிதர் நடந்த நடை.

சிரஸ்தார் என்றால் சும்மா இல்லை. கலெக்டர் கச்சேரியில் இந்தியர் ஒருவர் ஏறக்கூடிய உச்சிப் படி அது. மனுக்கள் அவர் கண் வழியாகத்தான் துரையிடம் போகும். கணக்குகள் அவர் கை வழியாகத்தான் வரும். துரைமார் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். சிரஸ்தாருக்குத்தான் ஜில்லாவின் நாடி தெரியும்.

அதனால்தான் அவருக்கு இன்னொன்றும் தெரியும். வசூல் என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று.

கலெக்டர் வாயில் அது நன்கொடை. தாசில்தாரிடம் இறங்கும்போது உத்தரவு. கிராம முன்சீப்பும் கர்ணமும் பட்டியல் எழுதி, தலையாரி ஒருவன் குடியானவன் வாசலில் வந்து நின்றால், அது வரி. கொடுக்க முடியாதவனுக்கு என்ன நடக்கும்? பதினைந்து வருஷம் கழித்துச் சென்னை சர்க்காரே ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது. கிஸ்தி பாக்கிக்காகக் குடியானவன் விரல்களில் கிட்டி போட்டு நெரித்ததும், கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனிய வைத்து வெயிலில் நிறுத்தியதும் உண்மைதான் என்று அந்தக் கமிஷன் எழுதி வைத்தது. கச்சேரியில் காலம் தள்ளிய ஒரு சிரஸ்தாருக்கு இதைக் கமிஷன் வந்தா சொல்லவேண்டும்?

ஒரு பாலத்துக்காக இன்னொரு முறை அந்தப் பட்டியல். இந்த முறை தன் கையெழுத்தோடு.

ஊர் இன்னொரு காரணமும் சொல்லும். அதைக் குரலைத் தாழ்த்திச் சொல்லும். சுலோச்சன முதலியாரின் தந்தை ராமலிங்க முதலியார், கம்பெனிப் படையின் மேஜர் பானர்மேனிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குள் தூது போய், உள்ளே நிலைமை எப்படி என்று பார்த்துவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு கட்டபொம்மனுக்குக் கயத்தாற்றில் என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். அப்பா வழியில் வந்த அந்தப் பழி மகன் மனத்தில் கனத்துக்கொண்டே இருந்தது, அதை இறக்கிவைக்கத்தான் ஆற்றின் மேல் கல் அடுக்கினார் என்பது நெல்லைக்காரர்களின் நம்பிக்கை.

இருக்கலாம். ஆனால் என் மனசு முதல் காரணத்தின் பக்கம்தான் சாய்கிறது. பழைய பழி நாற்பது வருஷமாகவே இருந்தது. அந்த வசூல் பட்டியல்தான் அன்றைக்குப் புதிது.

வீடு வந்துவிட்டது.

அந்த இரவு என்ன பேசினார்கள் என்று எழுதி வைத்தவர் எவருமில்லை. ஊர் சொல்வது இதுதான். மனைவி வடிவாம்பாள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். கேட்டாள். அவர் சொன்னார். யாரிடமும் கையேந்தாமல் நாமே கட்டினால் என்ன என்ற எண்ணம் அவர் வாயிலிருந்து வந்தபோது, அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய்த் தன் நகைகளைக் கழற்றிக்கொண்டு வந்து முன்னால் வைத்தாள்.

சிரஸ்தார் சம்பளத்தில் சேர்கிற தொகையல்ல அரை லட்சம். துபாஷ் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து, இருந்த பொன், இருந்த நகை எல்லாம் சேர்ந்தாலும் அது ஒரு குடும்பத்தின் நாளைய சோறு. அதைக் கொடுக்கச் சம்மதித்தது அவர் மட்டுமல்ல. கல்வெட்டில் ஒரு பெயர்தான் இருக்கிறது. இரண்டு பெயர் இருந்திருக்கவேண்டும்.

மறுநாள் காலை.

கச்சேரிக்குள் முதலியார் வந்தார். கையில் தாம்பாளம். அதன் மேல் பொன்னும் நகையும் நாணயமும். தாம்சன் நிமிர்ந்து பார்த்தார். வசூல் அதற்குள் ஆரம்பித்துவிட்டதா?

இல்லை. இது முதல் தவணை. மீதியும் என்னுடையதே. ஊரில் ஒருவரிடமும் கேட்கவேண்டாம். இதுதான் சிரஸ்தார் சொன்ன செய்தியின் சாரம்.

துரை எழுந்தார். தன் கச்சேரியில் வேலை பார்க்கும் ஒரு தமிழனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் காலத்தில் நடக்காத காரியம் அது என்பதால்தான், கதை சொல்லும் கிழவர்கள் இந்த இடத்தில் ஒருமுறை நிறுத்திச் சொல்வார்கள்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஹார்ஸ்லி மேற்பார்வை. ஆற்றுக்குள் இறங்கிச் சிறைக் கைதிகளும் கல் சுமந்தார்கள் என்பார்கள். தண்ணீர் இறங்கும் மாதங்களில்தான் தூண் எழுப்ப முடியும். மழை வந்தால் கரையேறிக் காத்திருக்கவேண்டும். ஆறு விட்ட நேரத்தில் வேலை, ஆறு கேட்ட நேரத்தில் ஓய்வு என்று மூன்று வருஷம். 1843-ல் பதினோராவது வளைவும் மூடியது.

திறப்பு நாளில் யார் முதலில் நடப்பது? கலெக்டரா, பட்டாளத்துத் தளபதியா?

முதலியாரை முன்னால் நடக்கவிட்டு துரைமார் பின்னால் வந்தார்கள் என்று ஊர் சொல்லும்போது, அதில் ஒரு பெருமிதம் இருக்கும். அந்தப் பெருமிதம் நியாயமானது. முழுச் செலவும் அவருடையது என்று பாலத்தின் கல்வெட்டே சொல்கிறது. வாட்டர்லூவில் நடந்தவன் காசு கொடுத்தான். இங்கே போட்ட முதலைத் திருப்பிக் கேட்க யாருமே இல்லை.

அந்த ஒரு முடிவு நெல்லையின் நிலப்படத்தையே மாற்றிவிட்டது. அதுவரை ஊரின் நடு, கோயில். இனிமேல் பாலத்தின் தலைமாடு. பின்னால் ரயில் வந்தபோது ஸ்டேஷன் பாலத்துக்கு அருகே, வீரராகவபுரத்துப் பக்கம் அமைந்தது. ஜங்ஷன் என்று ஒரு புது ஊரே முளைத்தது. இங்கே கடை, அங்கே கச்சேரி, நடுவே ஓயாத வண்டிகள். எங்கே பாதை போடுவது, எந்த மண்ணின் விலை ஏறுவது என்று தீர்மானிக்க 1840-ல் நகரமன்றமும் கிடையாது, திட்டக் குழுவும் கிடையாது. நாலு பேர் கூடிய ஒரு மேசைதான். அந்த மேசையில் குடியானவனுக்கு நாற்காலி இல்லை. அவனுக்காக யோசித்தவர் ஒருவர் இருந்தது, அவன் செய்த பாக்கியம்.

எல்லா ஊருக்கும் அப்படி ஒருவர் கிடைப்பாரா? நெல்லைக்கே இரண்டாம் முறை கிடைப்பாரா?

சோதனை வந்தது.

இருபத்தாறு வருஷம் பாலம் அசையவில்லை. இதற்குள் காலம் மாறிவிட்டது. கம்பெனி போய் ராணி சர்க்கார் வந்தது. 1866-ல் திருநெல்வேலிக்கு ஒரு நகராட்சி, பாளையங்கோட்டைக்கு ஒரு நகராட்சி. இரு கரையிலும் இப்போது உறுப்பினர்கள், கூட்டங்கள், வரிகள். நடுவில் ஓடும் ஆறும் அதன் மேல் நிற்கும் பாலமும் யார் பொறுப்பு?

1869. பொதிகையில் மழை பிடித்தது. விடவில்லை. ஆறு வளைவுகளின் தோள் வரை ஏறியது. கைப்பிடிச் சுவரைத் தொட்டது. இரு கரையிலும் ஜனங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஊரையே திடுக்கிட வைத்த ஒரு சத்தம்.

சில வளைவுகள் ஆற்றோடு போய்விட்டன.

ஊர் மறுபடியும் இரண்டானது. கலெக்டர் நாற்காலியில் இப்போது பக்கிள் துரை. அதே வருஷத்தில்தான் கிழக்கே ஸ்ரீவைகுண்டத்தில் எட்டாவது அணைக்கட்டு வேலையும் தொடங்கியிருக்கிறது. அணைக்கும் பணம் வேண்டும், பாலத்துக்கும் பணம் வேண்டும். அணை கிஸ்தி கொண்டுவரும். பாலம் கொண்டுவராது.

பக்கிள் எந்தப் பக்கம் சாய்ந்தார்?

அடுத்த வாரம்.