சம்பளமில்லாத மக்கள் தொடர்பு அதிகாரி

ரயில்வேயில் மக்கள் தொடர்பு அதிகாரிக்கு அறையுண்டு, ஊழியருண்டு, ஊதியமுமுண்டு. இவை ஒன்றுமின்றி அப்பணியைத் தாமே மேற்கொண்டவர் அளசிங்கப் பெருமாள். நாம் வாழும் இக்கன்னட நாட்டின் சிக்மகளூரில் 1865-இல் பிறந்த தமிழ் வைணவர்; சென்னைப் பச்சையப்பன் பள்ளி ஆசிரியர்.

விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்ப 1893-இல் அவர் வீடு வீடாகச் சென்று நிதி திரட்டினார். உண்மையான சோதனை பின்னரே வந்தது. சுவாமிகள் புகழெய்தியதும், இவர் இந்துக்களின் பிரதிநிதியே அல்லர் என்று அமெரிக்காவில் சிலர் தூற்றலாயினர். தாயகம் வாய் திறந்தாலன்றி அவ்வசை நீங்குமா? பொதுக்கூட்டம் கூட்டித் தீர்மானத்தை அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அனுப்புமாறு 1894 ஏப்ரல் 9-ஆம் நாள் சுவாமிகள் அளசிங்கருக்கு எழுதினார். கப்பலில் அக்கடிதம் வந்து சேருமுன்பே, ஏப்ரல் 28-இல், சென்னையில் கூட்டம் நடந்தேறிவிட்டது! நம் பெங்களூரிலும் அவ்வாண்டே அத்தகைய கூட்டமொன்று கூடிற்று.

ஆயினும் சென்னைச் செய்தி அமெரிக்கா சேரப் பல மாதங்கள் சென்றன. ஜூன் இறுதியிலும் தாயகம் தமக்காக ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்று சுவாமிகள் மனம் நொந்து எழுதினார். சரக்கு அனுப்பியாயிற்று, பெறுநர் கைக்குச் சேரவில்லை. எங்கள் அலுவலகத்தில் நாள்தோறும் காணும் துன்பம் இது.

அவ்வனுபவந்தான் தூண்டிற்றோ என்னவோ, 1895 செப்டம்பரில் தோழர்களுடன் ‘பிரம்மவாதின்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். பகலிற் பள்ளி, எஞ்சிய பொழுதில் இதழ்ப்பணி. 1909 மே மாதத்தில், நாற்பதுகளிலேயே அவர் மறைந்தார்.