மண்ணீரல் காட்டிய வழி

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால், மலாயாவின் காடுகளைத் திருத்தி இரப்பர்த் தோட்டங்களாக்கிய தமிழ்மக்களுக்கு அச்செல்வம் நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது. அவர்கள் பெற்ற குழந்தைகளுள் பலர் தவழும் பருவத்தையும் தாண்டாமல் மண்ணுக்குள் மறைந்தனர். அக்குழந்தைகளைக் கொன்ற நோய்கள் எவை, அவை எவ்வாறு கண்டறியப்பட்டன, எவ்வாறு தடுக்கப்பட்டன என்னும் வரலாறு நம் சமுதாய வரலாற்றின் ஒரு பகுதியாகும். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டிய பகுதியும் அதுவே.

மலாயாவில் இரப்பரை வாணிகப் பயிராக்கிய முன்னோடிகளுள் ஒருவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். அவர் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர்க் கன்றுகளை நட்டார். அடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் ஒன்றை அமைத்தார். பின்னர் ஜாசின், பெம்பான் வட்டாரங்களிலும் தோட்டங்கள் பரவின. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, தொற்றுநோய்க் காவலில் நாள் கழித்து வந்த தமிழர்கள் லயங்களில் குடியேறினர். காடு அழிந்தது, கன்று வளர்ந்தது, கூடவே முறைக்காய்ச்சலும் வளர்ந்தது.

அக்காய்ச்சல் சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றால் வருவதென்றே அன்று உலகம் நம்பியிருந்தது. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20-ஆம் நாள், சிக்கந்தராபாத்தில் பணியாற்றிய இரானல்டு ராசு என்னும் மருத்துவர், மலேரியாக் கிருமியை அனோபிலிசு என்னும் கொசுவின் வயிற்றில் கண்டார். நோயின் மூலம் புலப்பட்டது. நான்காண்டுகள் கழிந்து, 1901-இல் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்திற்கு வந்தார். அவ்வாண்டில் கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காய்ச்சலால் மாண்டோர் 368 பேர். வாட்சன் சதுப்புகளை வடித்தார், புதர்களை வெட்டினார். மறு ஆண்டில் அவ்வெண்ணிக்கை 59 ஆகக் குறைந்தது.

தோட்டங்களின் நிலையை அறிய வாட்சன் கையாண்ட முறை எண்ணத்தக்கது. பெரியவர்கள் இடம்விட்டு இடம் பெயர்பவர்கள். அவர்கள் காய்ச்சலை எங்கே பெற்றனர் என்று துணிந்து கூற இயலாது. பலமுறை நோயுற்றுத் தேறியவர்களின் உடலில் ஓரளவு எதிர்ப்பாற்றலும் இருக்கும். குழந்தைகளோ பிறந்த லயத்திலேயே வளர்பவர்கள். மீண்டும் மீண்டும் காய்ச்சல் கண்ட குழந்தையின் இடப்பக்க விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்படும். எனவே, அவர் தோட்டந்தோறும் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நூற்றுக்கு எத்தனை குழந்தைகளுக்கு மண்ணீரல் வீக்கம் உண்டோ, அதுவே அத்தோட்டத்து மலேரியாவின் அளவுகோல் ஆயிற்று. கணக்கேடுகளில் அகப்படாத உண்மையைப் பேசத் தெரியாத குழந்தையின் உடல் கூறிற்று.

அவ்வளவுகோல் மற்றொரு புதிரையும் அவிழ்க்க உதவியது. கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டிச் சதுப்பை வடித்தவுடன் காய்ச்சல் தணிந்தது. மலைப்பாங்கான தோட்டங்களிலோ, காட்டை வெட்டியபின் காய்ச்சல் மிகுந்தது. காரணம், கொசுவின் இனம் வேறு. சமவெளிக் கொசு நிழல் படிந்த சதுப்புநீரை நாடுவது. மலைக்கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. மரங்களை வெட்டி ஓடைகளை வெயிலுக்குத் திறந்துவிட்ட மனிதனே அதற்குத் தொட்டில் கட்டிக்கொடுத்தான். ஆகவே, மலைத்தோட்டங்களில் ஊற்றுநீரை நிலத்தடிக் குழாய்கள் வழியே செலுத்தினர். எஞ்சிய நீர்நிலைகளில் வாரந்தோறும் எண்ணெய் தெளித்தனர். காலைப் பெரட்டில் கொய்னா மருந்து கொடுக்கும் வழக்கமும் தோட்டங்களில் பரவியது. ஓரிடத்து மருந்து மற்றோரிடத்தில் நஞ்சாகலாம் என்பது இவ்வரலாறு கற்பிக்கும் பாடம். நோயின் மூலத்தை ஆராய்ந்தறிய வேண்டுமென்று வள்ளுவர் வற்புறுத்தியதன் பொருள் இங்கே விளங்குகின்றது.

மலேரியா வெளிப்படையான பகை என்றால், கொக்கிப்புழு மறைமுகப் பகை. மலங்கழித்த மண்ணில் வெறுங்காலுடன் நடக்கும் குழந்தையின் தோலைத் துளைத்து அது உட்புகும். குடலைப் பற்றிக்கொண்டு நாள்தோறும் குருதியை உறிஞ்சும். முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், சில குழந்தைகள் மண்ணைத் தின்னத் தொடங்கும். அத்தகைய பிள்ளைகள் பள்ளியில் சோர்ந்து தூங்கினர். அவர்களைச் சோம்பேறிகள் என்றும் மந்தபுத்தியினர் என்றும் ஏசிய காலம் உண்டு. பிரம்பால் தீராத அந்த மந்தம், புழு மருந்தாலும் கழிவறையாலும் காலணியாலும் தீர்ந்தது.

அம்மை நோயின் கதை வேறு. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, வெளியார் வருகையை நிறுத்தும் வழக்கம் மாரியம்மன் வழிபாட்டோடு நம்மவரிடையே இருந்தது. நோயாளியைத் தனிமைப்படுத்தும் நல்ல பயன் அதில் அடங்கியிருந்தது. எனினும், பெரியம்மையை வேரறுத்தது தடுப்பூசியே. 1980-ஆம் ஆண்டில் அந்நோய் உலகைவிட்டே நீங்கியதாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது.

சட்டமும் துணை நின்றது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமென்றது. ஆயாக் கொட்டகைகளும் தோட்டத்து மருந்தகங்களும் எழுந்தன. நாடு விடுதலை பெற்றபின் நாட்டுப்புறச் சுகாதார நிலையங்கள் பெருகின. கக்குவான், தொண்டை அடைப்பான், இசிவு ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசி 1958-இலும், காசநோய்த் தடுப்பூசி 1961-இலும், இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து 1972-இலும் நடைமுறைக்கு வந்தன. 1957-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறக்குறைய 75 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். இன்று அவ்வெண்ணிக்கை ஏழுக்கு அருகில் நிற்கின்றது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா 2018 முதல் மலேசியாவில் பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து தொற்றும் வகை மட்டுமே எஞ்சியுள்ளது.

ஆயினும், வென்ற பகை மீளாதென்று எண்ணுவது பேதைமை. 2016-இல் மலாக்கா உள்ளிட்ட சில மாநிலங்களில் தொண்டை அடைப்பான் நோய் தலைகாட்டிக் குழந்தைகளின் உயிரைக் குடித்தது. 2000-ஆம் ஆண்டில் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட இளம்பிள்ளைவாதம் 2019-இன் இறுதியில் சபாவில் மீண்டும் தோன்றியது. தடுப்பூசி தவறிய இடமே நோய் நுழையும் வாயில்.

பெற்றோருக்கு அடுத்து, குழந்தையை நாள்தோறும் உற்றுநோக்கும் வாய்ப்புப் பெற்றவர் ஆசிரியரே. காய்ச்சலோடு வாயிலும் கையிலும் கொப்புளம் கண்டால், அது கைகால்வாய் நோயாக இருக்கலாம். அப்பிள்ளையை வீட்டில் இருத்துதல் வேண்டும். டிங்கிக் காய்ச்சல் தணியும் நாளில் வயிற்றுவலியும் தொடர்ந்த வாந்தியும் எழுந்தால், நலம் வந்ததென்று மகிழாமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். வயிற்றுப்போக்கின்போது நீரை நிறுத்துவது பெருந்தவறு. கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகப் புகட்டுதல் உயிர் காக்கும். மூச்சு விரைதல், விலா உள்வாங்குதல், வலிப்பு, நீரும் அருந்த இயலாமை ஆகியவை கணமும் தாமதியாத செயலை வேண்டுபவை.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, லயங்கள் மறைந்தன, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். குழந்தையின் உடல் கூறும் செய்தி மட்டும் மாறவில்லை. வாட்சன் மண்ணீரலைத் தொட்டு நோயை அறிந்தார். நம் ஆசிரியர்கள் வருகைப் பதிவேட்டைப் புரட்டியே பலவற்றை அறியலாம். அடிக்கடி வராத பிள்ளையின் பெயருக்கு நேரே சிவப்புக் கோடிடுவதோடு கடமை முடிவதில்லை. ஏன் வரவில்லை என்னும் கேள்வியைத் தொடர்ந்து கேட்பதே அதன் தொடக்கம்.